திரை தானாக வருகிறது, அம்மாவுக்குத்தான் போதவில்லை

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டைச் சமாளிக்க என் போனில் ஏழு ஆப் இருந்தன. ஏசிக்கு ஒன்று, கீசர் பிளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, இப்படி. ஒரு அப்டேட்டில் ஏசி ஆப் டைமரை எங்கோ உள்ளே கொண்டுபோய் ஒளித்துவைத்தது. அன்றைக்கே வெறுத்துப்போய் எஸ்.பி. ரோட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்), சாதனங்களோடு வயரில்லாமல் பேச ஒரு ஜிக்பீ டாங்கிள் வாங்கிவந்து, எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டுப்படுத்தும் திறமூல மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டேன்.

அதில் எனக்குப் பிடித்ததே நாம் எதையும் வரைய வேண்டாம் என்பதுதான். சாதனம் இணைந்ததும் "நான் ஸ்விட்ச், ஆன் ஆஃப் உண்டு, வோல்டேஜ் அளப்பேன்" என்று தன் ஜாதகத்தைச் சொல்லிவிடும், மென்பொருள் அதைப் பார்த்து ஆன் ஆஃபுக்கு ஒரு பட்டன், எண்ணுக்கு ஒரு ஸ்லைடர் என்று திரையைத் தானே கட்டிவிடும். யோசனை பழசுதான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி நிக்கோல்ஸ், பிராட் மயர்ஸ் குழு 2002லேயே இதைச் செய்து காட்டியது. 2007இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் சொந்தப் பட்டன்களைவிடத் தானாக உருவான திரையில் வேலை இரண்டு மடங்கு வேகமாகவும் நான்கு மடங்கு வெற்றிகரமாகவும் முடிந்தது. ஆபீஸ் பிரிண்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

முதல் வாரம் எனக்கு ஒரே குஷி. அம்மாவிடம் டேப்லெட்டைக் கொடுத்ததும்தான் கதை மாறியது. "என்னடா இது, ஃபேனுக்கு நாற்பது பெர்சென்டா? ரெண்டுல வைக்கணும்னா எதை அமுக்குறது?" ஐந்து வேக ரெகுலேட்டர் அது, திரைக்கோ எல்லாம் சதவீதக் கணக்கு. கீசர் பிளக் ஒன்றுக்கே வோல்டேஜ், ஆம்பியர், வாட், யூனிட், சிக்னல் பலம் என ஒரு படையே வரிசை கட்டி நின்றது. பெயர் வைக்க மறந்த சாதனங்கள் பதினாறு எழுத்து எண்ணாகத் தொங்கின. கீசரும் வராண்டா லைட்டும் ஒரே அளவுப் பட்டனில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், லைட் என்று நினைத்து அம்மா கீசரைப் போட்டு, மத்தியானம் வரை அது ஓடியிருக்கிறது.

சம்ப் மோட்டார் விஷயம் இன்னும் மோசம். மோட்டார் ஸ்விட்சுகளோடு ஒரு மூலையில், சம்ப் நீர்மட்டம் சென்சார்களோடு இன்னொரு மூலையில். இரண்டும் தனித்தனிச் சாதனம், அதனால் மென்பொருளைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் 2024 கோடையில் டேங்கருக்குக் காத்திருந்த நாட்களில், காலி சம்ப்பில் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து, நீர்மட்டம் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் பட்டனே தெரியாதபடி இரண்டையும் சேர்த்துத் திரையில் ஒரு தனிக் கட்டம் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

ஒரு இடத்தில் மட்டும் தானியங்கித் திரை என்னை அசத்திவிட்டது. போன வருடம் பழைய ஏசி போய் வேறு கம்பெனி ஏசி வந்தது, ரிமோட் முற்றிலும் வேறு. ஆனால் திரையில் அதே வட்டம், அதே இடத்தில் ஆஃப். அம்மாவுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புதிதாக வாங்குபவர்கள் மேட்டர் (வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரம்) ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் வந்த முதல் பதிப்பில் பெரிய வீட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் இல்லை, ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2023 அக்டோபரின் 1.2 பதிப்பில்தான் சேர்ந்தன. அப்புறம், கம்பெனிக்காரர்களின் விசேஷ மோடுகள் பொதுத்திரையில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் வாஷிங் மெஷின் இன்னும் தன் சொந்த ஆப்பில்தான் இருக்கிறது.

இப்போது அம்மா டேப்லெட்டில் ஆறே பட்டன், எல்லாம் தமிழில், கீசர் மட்டும் தனியாகக் கீழே, அரை மணியில் தானாக அணையும்படி. தானாக முளைத்த திரை என் போனில் அப்படியே இருக்கிறது, பேட்டரி தீர்ந்த சென்சாரைத் தேட.