முழங்காவிலுக்குப் போன சங்கம்

இந்த ஓகஸ்டில் மூன்று கிழமை ஊரில் நின்றேன். கோயில், கலியாண வீடு, சொந்தக்காரர் என்று நாட்கள் ஓடின. மொன்றியலுக்குத் திரும்பிய பிறகும் மனத்தை விட்டுப் போகாமல் நிற்பது, கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் பார்த்த சிக்கன கடனுதவுச் சங்கக் கூட்டம்தான்.

சித்தி அங்கே உள்ளுக்குள் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருடைய கணக்கு கிளிநொச்சியில் ஒரு வங்கியில். நான் போட்ட காசை எடுக்க அவரோடு கூடவே போனேன். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு, பூநகரி, பரந்தன் சுற்றி பஸ்ஸில் போய், இலக்கத் துண்டு எடுத்து இருந்தோம். கையெழுத்துப் பொருந்தவில்லை என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். வீடு வந்து சேர மூன்று மணி. "ஐயாயிரம் எடுக்க ஒரு நாள் கூலி போட்டுது பிள்ளை" என்றார் சித்தி.

அன்றைக்கு அவர் கைப்பையில் ஒரு மஞ்சள் அட்டையைப் பார்த்தேன். கிழமைக் கடன் அட்டை. 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,250 வீதம் 52 கட்டு. முப்பத்தொரு கட்டுக்கு நேரே கையெழுத்து இருந்தது. எல்லாம் கட்டி முடிய 65,000. வருடத்துக்கு 30 வீத வட்டி என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருகிறதே! கையில் உண்மையில் நிற்கிற காசுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. சித்தி ஒரு கட்டும் பிந்தியதில்லை. பிந்தினால் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும், அயல் முழுக்கப் பார்க்கும். அதற்காகவே ஒருமுறை தோட்டை அடகு வைத்திருக்கிறார்.

2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பிய சனத்திடம் இந்தக் கடன்தான் முதலில் வந்து சேர்ந்தது. இப்படிச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற நுண்நிதிக்கென்று 2016இல் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. அதற்குப் பிறகும் அட்டைகள் ஓயவில்லை.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். அங்கத்தவர் சேர்க்கிற காசையே அங்கத்தவருக்குக் கடனாகக் கொடுக்கிற சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இலங்கைக்குப் புதிது இல்லை. 1906இல் தெல்தெனியாவில் முதல் கடன் சங்கம் தொடங்கியது, 1911இல் அதற்குச் சட்டம் வந்தது. படுத்துக் கிடந்த இயக்கத்தை 1978இல் கிரிவந்தெனிய என்பவர் 'சணச' என்ற பெயரில் மீண்டும் எழுப்பினார். எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வோடு பதிவேடும் பாஸ் புத்தகமும் சேர்ந்தே போய்விட்டன. கிளிநொச்சிச் சங்கம் ஒன்று, ஆசிரியர்கள், கடைக்காரர், கந்தோர் ஆட்கள் என்று பட்டணத்து அங்கத்தவர்களோடு திரும்ப எழும்பி, இப்போது ஏ32 வீதிக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது.

போவது சும்மா காரியம் இல்லை. எந்தெந்த ஊரில் இயங்கலாம் என்று சங்கத்துக்கென்று எழுதிய செயற்பரப்பு உண்டு. அதைக் கூட்ட, பொதுச்சபையில் உபவிதியைத் திருத்தி, கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அந்தப் பொதுச்சபையில் பெரிய வாக்குவாதமாம். "எங்கட சேமிப்பு வயலுக்குள்ள போய்க் காயும்" என்று பட்டணத்தார். கிராமத்திலோ, "எங்கட காசு டவுனுக்குப் போயிடும்" என்ற பயம்.

இரண்டு பயத்திலும் நியாயம் இருக்கிறது. நெல் மட்டும் விதைக்கிற ஊரில் தனியாகச் சங்கம் தொடங்கினால், மாரி விதைப்பான காலபோகத்துக்கு எல்லோருக்கும் ஒரே மாதத்தில் கடன் வேண்டும், அறுவடை பிழைத்தால் எல்லோரும் ஒன்றாக விழுவார்கள். பட்டணத்துச் சம்பளம் மாதா மாதம் வரும், நாச்சிக்குடாப் பக்கத்துக் கடற்றொழில் காசு கிழமைக்குக் கிழமை வரும். மூன்றும் ஒரே பெட்டிக்குள் வந்தால்தான் ஒக்டோபரில் விதைநெல்லுக்குக் கொடுக்கக் காசு இருக்கும். ஆனால் கடன் யாருக்கு என்று முடிவெடுப்பது கிராமத்துக் குழுவேதான்: ஐந்து பேர், மூவர் பெண்கள். கிளிநொச்சியில் கணக்கை மட்டும் சரி பார்க்கிறார்கள்.

கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்தில். சின்னக் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பாயில் இருந்தோம், நாற்பது பேர் வரும். கணக்கு எழுதுகிற பிள்ளை ஒவ்வொரு பெயரையும், இந்த மாதம் போட்ட காசையும், மொத்தத்தையும் சத்தமாக வாசித்தாள். ஒவ்வொருவரும் தன் பாஸ் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு ஆச்சியின் கணக்கில் ஐம்பது ரூபா குறைந்திருந்தது. "நான் இருநூற்றைம்பது தந்தனான்" என்றார் ஆச்சி. பிள்ளை பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, "ஓம் அம்மம்மா, என்ரை பிழை" என்று எல்லோர் முன்னாலும் சிவப்புப் பேனையால் திருத்திக் கையெழுத்து வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வங்கியில் கையெழுத்துக்காக இரண்டு தரம் திரும்பிய சித்தி அங்கே நிமிர்ந்து இருந்தார்.

முதல் ஆறு மாதம் சேமிப்பு மட்டும், அதற்குப் பிறகே கடன். கட்ட மிச்சமிருக்கிற முதலுக்கு மட்டும் மாதம் ஒரு வீத வட்டி. அதே 50,000ஐ ஒரு வருடத்தில் சமமாகக் கட்டினால் வட்டி 3,250 ரூபா. அட்டையில் அது 15,000.

மொன்றியலில் நண்பர்கள் சேர்த்துத் தந்த காசு என்னிடம் இருந்தது. கடன் கொடுக்க முதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைவி அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேண்டாம் தங்கச்சி. வெளிநாட்டுக் காசு எண்டு தெரிஞ்சால் சனம் திருப்பிக் கட்டாது. தங்கட காசு எண்டால்தான் பக்கத்து வீட்டைப் போய்க் கேப்பினம். உதவுறதெண்டால் ஒரு இரும்புப் பெட்டி வாங்கித் தாங்கோ, இந்தப் பிள்ளைக்கு ஒரு வருசச் சம்பளம் தாங்கோ."

நான் மொன்றியலில் டெஜார்டின் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அங்கத்தவர். அல்போன்ஸ் டெஜார்டின் 1900இல் கியூபெக்கின் லெவி என்ற ஊரில் அதைத் தொடங்கியபோது, அவர் வேலைக்காக ஒட்டாவாவில் நின்ற மாதங்களில் வீட்டில் இருந்து கணக்கைப் பார்த்தவர் அவர் மனைவி டொரிமென். கூட்டம் முடிந்த அன்றிரவு, கணக்கு எழுதிய அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன். வெளிநாட்டில் இருந்து ஊருக்கு உதவ நினைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள், கடன் காசை அந்தச் சனமே சேர்க்கட்டும்.

பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. போன கிழமை சித்தி போன் எடுத்தார். விதைநெல்லுக்கு 40,000 கேட்டாராம். குழு 30,000 கொடுத்ததாம், பிணைக்கு அந்த ஆச்சி கையெழுத்து வைத்தாராம். மஞ்சள் அட்டையில் இன்னும் பதினொரு கட்டு இருக்கிறது.