புரோமீன் சோதனை: பட்டையா, சொட்டா, மாத்திரையா?

நுவரெலியாவில் ஒரு ஹொட்டலின் சுடுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிருமியைக் கொல்ல, சூட்டில் குளோரீனைவிட நிலைத்து நிற்கும் என்பதால் புரோமீன்தான் போடுகிறோம். லீற்றருக்கு 4 முதல் 8 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும். அதை நிறம் பார்த்து அளக்கும் மூன்று வழிகளையும் பாவித்துவிட்டேன்.

பட்டைதான் சுலபம். முக்கி எடுத்து, டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் நம்மூர்ப் பனிமூட்டத்துக்கு ஆகாது. மூடி இறுகாத டப்பாவில் ஈரம் ஏறி, தண்ணீரே படாத பட்டை நிறம் மாறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஓர்த்தோடோலிடின் சொட்டு மலிவு, தண்ணீரை மஞ்சளாக்கும். அந்த மருந்து புற்றுநோய் தரலாம் என்ற சந்தேகம் இருப்பதால் அதை விட்டுவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது டிபிடி (DPD) என்ற நிறங்காட்டி மருந்து உள்ள மாத்திரை. குழாயில் 10 மில்லிலீற்றர் எடுத்து, மாத்திரையை நசுக்கிப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். குளோரீனுக்கென்றால் அமோனியா போன்றவற்றோடு சேர்ந்துபோன குளோரீனை அளக்க இன்னொரு மாத்திரை வேண்டும். புரோமீனுக்கு ஒன்றே போதும். புரோமீன் அப்படிச் சேர்ந்து உண்டாகும் புரோமமீனும் கிருமியைக் கொல்லும், அதையும் சேர்த்தே அது காட்டிவிடும். குளோரீன் அளவுகோல் மட்டும் இருக்கும் பெட்டி என்றால், வந்த எண்ணை 2.25ஆல் பெருக்குங்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஒருநாள் காலை குழாயில் நிறமே இல்லை. தொட்டியில் புரோமீன் தீர்ந்துவிட்டது என்று இன்னும் கொட்டப் போனேன். அப்புறம் சந்தேகம் வந்து இன்னொரு மாத்திரை போட்டு உற்றுப் பார்த்தேன்: ஒரு கணம் சிவந்து, உடனே வெளுத்தது. புரோமீன் அளவுமீறினால் நிறத்தையே வெளுத்துவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் நான்கு பங்குக்குத் தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு கலந்து சோதித்து, ஐந்தால் பெருக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. மங்கல் வெளிச்சத்தில் கண்ணை நம்பாமல் நிறத்தைத் தானே அளக்கும் ஒளிமானிக் கருவி வாங்கலாம், விலைதான் இடிக்கும். இந்த வெளுப்பு அதையும் ஏமாற்றும்.

தோட்டத்துப் பீலித் தண்ணீரையும் இதில் பார்த்துத் தரச் சொல்லிச் சிலர் போத்தலோடு வருகிறார்கள். அதில் புரோமீன் இருந்தால் உப்பு வடிவில், புரோமைடாகத்தான் இருக்கும். டிபிடிக்கு அது தெரியாது. அதற்குக் குளோரமீன்-டீயும் பீனோல் சிவப்பும் சேர்க்கும் முறை வேறு. சிவப்பிலிருந்து ஊதாவரை போகும் அந்த நிறத்தை 590 நானோமீற்றர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். அது ஆய்வுகூட வேலை. போத்தலை அங்கேதான் அனுப்பச் சொல்கிறேன்.