டாம் பெட்டி கையெழுத்துள்ள ரிக்கன்பேக்கர்: பல வருடம் வாசித்த பிறகு

அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் பெயரில் ரிக்கன்பேக்கர் கம்பெனி செய்த 12 தந்தி எலெக்ட்ரிக் கிட்டார்தான் 660/12டிபி. அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தட்டில் (உடலின் முகப்பில் திருகியிருக்கும் பிக்கார்டில்) கையெழுத்து இருக்கிறதா?" என்றுதான். இந்தக் கிட்டாரைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது நெக்கின், அதாவது விரல் வைத்து அழுத்தும் கழுத்துப் பகுதியின் அகலம். கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரிக்கன்பேக்கரின் வழக்கமான 12 தந்தி எலெக்ட்ரிக்கில், அதாவது 1964-இல் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் உலகம் பார்த்த 360/12 வகையில், நட் (நெக்கின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் வெட்டுப் பட்டை) அருகே நெக் சுமார் 41 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஆறு ஜோடித் தந்திகள். ஒல்லியான விரல் உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு டி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் பிடி) பிடித்தாலே பக்கத்து ஜோடி அமுங்கிப்போகும். 660/12டிபி-யில் நட் 44 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்று மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை, கையில் வைத்தால் அது வேறு வாத்தியம். கார்டுக்குள் தனித்தனி நோட்டாகப் பிரித்து வாசிக்க எனக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது இதில்தான்.

1979-இல் வெளிவந்த ஒரு ஆல்பத்தின் அட்டையில் டாம் பெட்டி பழைய ரிக்கன்பேக்கர் 12 தந்திக் கிட்டார் ஒன்றைப் பிடித்திருப்பார். 60களின் அந்தச் சாயலை வைத்து, 1991 முதல் 1998 வரை ஆயிரம் என்ற வரம்போடு செய்ததுதான் டிபி. கெட்டி மேப்பிள் உடல், அதன் ஓரமாக ஓடும் கறுப்பு-வெள்ளைக் கட்டம், நெக்கில் முக்கோணப் பதிப்புகள், பொன்னிறத் தட்டு, அந்தத் தட்டில் கையெழுத்து. நிறம் இரண்டுதான்: ஓரம் சிவந்து நடுவில் மஞ்சளாகும் ஃபயர்க்ளோ, முழுக் கறுப்பான ஜெட்க்ளோ.

இங்கேதான் கவனம் வேண்டும். டிபி முடிந்த கையோடு அதே அகல நெக், அதே டோஸ்டர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பகுதி), அதே ஓரக் கட்டத்தோடு வெறும் 660/12 என்று ஒரு வழக்கமான மாடல் வந்துவிட்டது. அதற்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கையெழுத்துத் தட்டு மட்டுமே. தட்டைச் சில திருகாணிகளைக் கழற்றி மாற்றிவிடலாம். அதனால் ஜாக் தகட்டில் (கேபிள் செருகும் இடத்தைச் சுற்றியுள்ள தகட்டில்) குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

1987-இலிருந்து 1996 வரை அதில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் முன்னால் நிற்கும். எழுத்து மாதத்தைச் சொல்லும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எண் வருடத்தைச் சொல்லும்: 1987-க்கு 0, 1991-க்கு 4, 1996-க்கு 9. ஆக எச்4 என்றால் 1991 ஆகஸ்ட். 1997-இல் எண் மறுபடி 0-வுக்குப் போனது; குழப்பம் வராமலிருக்க மாத எழுத்துகளை எம்-மிலிருந்து தொடங்கினார்கள். 1999-இலிருந்து முதல் இரண்டு எண்களே வருடம். கையெழுத்துத் தட்டு இருந்து, எண் 02 என்று தொடங்கினால் அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று விற்பவரைக் கேட்க வேண்டும். அசல் சான்றிதழ் கூடவே இருந்தால் நல்லது, அதிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

முழுப் போலிகளைப் பிடிக்கத் தலைப்பகுதியே போதும். அசலில் தந்தியை முறுக்கும் கீக்களில் ஆறு வழக்கம்போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற ஆறின் உருளைகள் தலையில் வெட்டிய பள்ளத்துக்குள் கிளாசிக்கல் கிட்டாரில் போலக் குறுக்கே படுத்திருக்க, கீக்கள் பின்பக்கம் பார்த்திருக்கும். ரிக்கன்பேக்கரில் வேலை செய்த டிக் பர்க் அமைத்த இந்த ஏற்பாட்டால் 12 தந்திக் கிட்டாரின் தலை, ஆறு தந்திக் கிட்டாரின் தலை அளவுக்குள் அடங்கிவிடுகிறது. எடை முன்னால் சாய்வதில்லை. இதை ஒழுங்காக நகலெடுப்பது செலவு பிடிக்கும் வேலை.

தந்தி வரிசையும் அப்படித்தான். மற்ற 12 தந்திக் கிட்டார்களில் கீழ்நோக்கி மீட்டினால் ஜோடியின் மெல்லிய ஆக்டேவ் தந்தி (ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது) முதலில் படும். ரிக்கன்பேக்கரில் தடித்தது முதலில், மெல்லியது பின்னால். நட்டின் வெட்டுகளே இதைக் காட்டிக்கொடுக்கும். அந்த மணியோசையில் சுருதி தெளிவாக நிற்பதற்கு இந்த வரிசை ஒரு பெரிய காரணம்.

ஒலியைப் பற்றிச் சொன்னால், டோஸ்டர் பிக்கப் சத்தத்தில் அடக்கம், மேல்ஸ்தாயியில் மினுமினுப்பு. ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் 12 தந்தியும் கூழாகிவிடும். அதற்கு வேறு கிட்டார் எடுங்கள். சுத்தமான ஆம்ப், கொஞ்சம் கம்ப்ரெஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), அவ்வளவுதான். கம்ப்ரெஷன் இல்லாமல் வாசித்தால் நோட்டு சட்டென்று உதிர்ந்துவிடுகிறது, நாம் ரெக்கார்டுகளில் கேட்டுப் பழகிய அந்த நீளம் வராது.

பராமரிப்பில் தொல்லை உண்டு. அதிகம் அறுவது மூன்றாம் ஜோடியின் சின்னத் தந்தி. அதன் சுருதி முதல் தந்தியைவிட உயரம் என்பதால் அது இயல்பு. உதிரியாக அதை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் உருளையில் புதுத் தந்தியைக் கோக்கும்போது, பக்கத்து உருளையிலிருந்து இறங்கும் தந்தி விரலை மறிக்கும். நுனியைச் சிறிய இடுக்கியால் மடக்கி உள்ளே விட்டு, ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி கீயைத் திருப்ப வேண்டும். முழு செட் மாற்ற ஒரு சாயங்காலம் போய்விடும். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டின்மேல் வார்னிஷ் பூசியிருப்பதால் எண்ணெய் தேவையில்லை, லேசாக ஈரத்துணியால் துடைத்தால் போதும். நெக்குக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கம்பிகள் இரண்டு. ஒன்றை மட்டும் முறுக்கினால் நெக் ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். பழக்கமில்லாத கடையில் இதைக் கொடுக்காதீர்கள்.

வாசிக்க மட்டும் வேண்டும் என்றால் பிந்தைய 660/12 போதும், கைக்கும் காதுக்கும் இரண்டும் ஒன்றே. கையெழுத்துக்கான கூடுதல் விலையை டாம் பெட்டியின் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள் கொடுக்கலாம். நான் கொடுத்தேன், இன்று வாங்கினாலும் கொடுப்பேன். 360/12-இன் ஒல்லி நெக்கில் கஷ்டப்பட்டு, 12 தந்தியே நமக்கு வராது என்று ஒதுங்கியவர்கள் யாராவது இருந்தால், கடையிலோ நண்பரிடமோ ஒரு 660/12-ஐக் கையில் வாங்கி அதே டி கார்டைப் பிடித்துப் பாருங்கள்.