சம்பளக் கணக்கில் எக்ஸ்லுக்அப்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். 23 பேருக்கு மாதந்தோறும் சம்பளச் சீட்டு தயாரிப்பதும், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் ஊழியர் சேமநிதிக்கும் பிடித்தம் கணக்கிடுவதும் என் பொறுப்பு. எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற எக்செல் கோப்பில் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய இஃப் சூத்திரங்களாக (‘இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது’ என்பவை) இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, தனித்தாளில் அட்டவணை வைத்து எக்ஸ்லுக்அப் என்ற எக்செல் சூத்திரத்தால் தேடி எடுக்கும் முறைக்கு 2025 மார்ச்சில் மாறினேன். அந்த வசதியைப் பற்றிய என் மதிப்பீடு இது.

சொக்சோ சந்தா நேரடியான விழுக்காட்டுக் கணக்கு அன்று. சட்டம் ஓர் அட்டவணையையே தருகிறது. 30 ரிங்கிட் வரை ஒரு வரிசை, 50 வரை ஒன்று, 70 வரை ஒன்று எனத் தொடங்கி, 200 ரிங்கிட்டுக்கு மேல் நூறு நூறாக ஏறிச்செல்லும். சம்பள உச்சவரம்பு 4,000 ரிங்கிட்டாக இருந்தபோது 45 வரிசைகள் இருந்தன. 2022 செப்டம்பரில் வரம்பு 5,000 ஆனதும் அவை 55 ஆயின. 2024 அக்டோபரில் 6,000 ஆனதும் 65 ஆயின. எக்செல் 2003 ஏழு அடுக்குகளுக்கு மேல் இஃப் சூத்திரத்தை ஏற்காது; 2007 முதல் 64 அடுக்குகள் வரை அனுமதி உண்டு. அனுமதி உண்டு என்பதற்காக ஒரே கட்டத்துக்குள் ஐம்பது அடைப்புக்குறிகளை மூடிக்கொண்டிருப்பது மனிதர் சரிபார்க்கக்கூடிய வேலை அன்று. எங்கள் பழைய சூத்திரம் 5,000 ரிங்கிட்டோடு நின்றுபோயிருந்தது. 2024 அக்டோபரில் குலை அதிகம் விழுந்ததால் எங்கள் மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) 5,240 ரிங்கிட் சம்பளம் வந்தது. அவருடைய பங்காக 26.25 ரிங்கிட் பிடித்திருக்க வேண்டும், சூத்திரமோ 24.75 என்று காட்டியது. முதலாளி பங்கு 91.85க்குப் பதிலாக 86.65 என்று வந்தது. பிழைக்குறி எதுவும் தோன்றவில்லை என்பதுதான் என்னை மிகவும் கலங்கவைத்தது. மறுமாதம் அச்சிட்ட அட்டவணையை எடுத்து விரல்வைத்து ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது.

அடுக்கிய இஃப் சூத்திரத்தின் உண்மையான குறை அதன் நீளம் அன்று. எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது கடைசியில் நிற்கும் மதிப்பை அது அமைதியாக எடுத்துத் தந்துவிடும் என்பதே. குலை வெட்டுக் கூலியில் இதன் விளைவை நேரில் கண்டேன். மரத்தின் உயரத்தைப் பொறுத்து தோட்டத்தின் ஒவ்வொரு பிளாக்குக்கும் (பகுதிக்கும்) டன் கூலி மாறும். உயர்ந்த மரங்களில் நீண்ட கழியில் அரிவாள் கட்டி வெட்ட வேண்டியிருப்பதால் அங்கே கூலி கூடுதல். பழைய சூத்திரம் அறியாத ஒரு புதிய பிளாக்கின் பெயரை எழுதியவுடன், அது இளமரங்களுக்குரிய மிகக் குறைந்த கூலியைப் போட்டுவிட்டது. வெயிலில் நின்று வெட்டியவரின் உழைப்பு ஒரு சூத்திரத்தின் கடைசி அடைப்புக்குறியில் குறைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. எக்ஸ்லுக்அப்பில் பொருத்தம் கிடைக்காவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்பதை நான்காவது இடத்தில் நாமே எழுதலாம். நான் ‘கூலி விவரம் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். பிளாக் பெயருக்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் அந்தச் சொற்களே தோன்றி என்னை நிறுத்திவிடுகின்றன.

இஃப் சூத்திரங்களை விட்டதும் முதலில் நான் பயன்படுத்தியது எக்ஸ்லுக்அப் அன்று, பலரும் அறிந்த வீலுக்அப் என்ற பழைய தேடல் சூத்திரம். சொக்சோ அட்டவணையின் கீழ்வரம்புகளை ஏறுவரிசையில் எழுதி, தோராயப் பொருத்தத்தில் (சம்பளத்துக்குச் சமமான எண்ணையோ, அது இல்லாவிட்டால் அதற்கு அடுத்த சிறிய எண்ணையோ எடுக்கும் முறையில்) தேடவிட்டேன். மூன்று மாதங்கள் எல்லாம் சரியாகவே நடந்தன. 2025 பிப்ரவரி 1 அன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டானது. அந்த மாதம் களை, உர வேலையில் இருந்த ஒன்பது பேருக்குச் சரியாக 1,700 ரிங்கிட் வந்தது. சட்டத்தின் அட்டவணை ‘1,600க்கு மேல், ஆனால் 1,700க்கு மேற்படாமல்’ என்கிறது. அதாவது 1,700 இந்த வரிசையையே சேரும். வீலுக்அப்போ 1,700 என்ற கீழ்வரம்பைக் கண்டவுடன் அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டது. தொழிலாளர் பங்கு 8.25 ரிங்கிட்டாக இருக்க வேண்டிய இடத்தில் 8.75 என்றும், முதலாளி பங்கு 28.85க்குப் பதிலாக 30.65 என்றும் ஆனது. “தம்பி, இந்த மாசம் சொக்சோவுல அம்பது காசு கூட வெட்டியிருக்கீங்களே” என்று களை எடுக்கும் அக்கா ஒருவர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். ஒன்பது பேருக்கும் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தோம்.

எக்ஸ்லுக்அப் இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. அதன் பொருத்தமுறையில் 1 என்று எழுதினால், சரியான எண்ணையோ அது இல்லாவிட்டால் அதற்கு அடுத்த பெரிய எண்ணையோ தேடி எடுக்கும். எனவே அட்டவணையில் மேல்வரம்புகளை, சட்டம் எழுதியிருக்கும் அதே எண்களில் வைத்துக்கொள்ளலாம். 1,700 என்றால் 1,700 வரிசை, 1,700.50 என்றால் 1,800 வரிசை. கடைசி வரிசைக்கு மேல்வரம்பு இல்லாததால் அங்கே 999,999 என்று எழுதியிருக்கிறேன். முதலாளி பங்கு, தொழிலாளர் பங்கு இரண்டையும் ஒரே சூத்திரம் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நிரப்பிவிடுகிறது. அச்சிட்ட அட்டவணைக்கும் திரையில் இருப்பதற்கும் வேறுபாடு இல்லாததால், எக்செல் அறியாத எங்கள் முதலாளியும் இப்போது தாமே ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

எல்லாவற்றையும் அட்டவணையாக்க வேண்டியதில்லை. சேமநிதியின் மூன்றாம் அட்டவணை 5,000 ரிங்கிட் வரை இருபது இருபதாக ஏறுவதால், அதைப் படியெடுத்தால் சுமார் 250 வரிசைகள் வரும். அதற்குச் சம்பளத்தை அடுத்த இருபதுக்கு உயர்த்தி, 11 விழுக்காடு கண்டு, ரிங்கிட்டுக்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் போதும். 1,690 ரிங்கிட் 1,700 ஆகி, தொழிலாளர் பங்கு 187 என்று வரும்.

குறைகளில் ஒன்று சிறிதன்று. அட்டவணையில் ஒரு கூலியைத் திருத்தினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய மாதத் தாள்களும் உடனே மாறிவிடுகின்றன. சென்ற ஆண்டுச் சம்பளம் தானாகத் திருந்திக்கொள்வது கணக்கில் பெருந்தவறு. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடைமுறைத் தேதியைத் தலைப்பில் இட்டுப் புதிய தாள் திறக்கிறேன். முடிந்த மாதங்களை மதிப்புகளாக மட்டும் ஒட்டிப் பூட்டிவைக்கிறேன்.

மற்றொன்று பதிப்புப் பிரச்சினை. எக்ஸ்லுக்அப் மைக்ரோசாஃப்ட் 365இலும் எக்செல் 2021 முதலான பதிப்புகளிலும்தான் இயங்கும். 2016, 2019 பதிப்புகளில் இல்லை. புதிய பதிப்பு வாங்க இயலாதவர்களுக்குக் கூகுள் ஷீட்ஸும், 24.8 முதலான லிப்ரஆபிஸும் இதே வசதியை இலவசமாகத் தருகின்றன. ஈப்போவில் எங்கள் கணக்காய்வாளர் இன்னும் 2016 வைத்திருப்பதால், அவருக்கு அனுப்பும் கோப்பில் மட்டும் இன்டெக்ஸ், கவுன்ட்இஃப் இரண்டையும் இணைத்திருக்கிறேன்: சம்பளத்தைவிடக் குறைந்த மேல்வரம்புகள் எத்தனை என்று கவுன்ட்இஃப் எண்ணிச் சொல்ல, அதற்கு அடுத்த வரிசையை இன்டெக்ஸ் எடுத்துத் தருகிறது. அதே அட்டவணைதான், 1,700 ரிங்கிட்டுக்கு அங்கும் 8.25 என்றே வருகிறது.