மேனுவலா, வீடியோவா, மெக்கானிக் அண்ணனா: வண்டியில் கை வைக்கும்முன் யாரைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய சாக்கை விரித்து, ஸ்பேனர் செட்டைத் திறந்து வைத்தாயிற்று. இப்போது யார் சொல்வதைக் கேட்டு முதல் போல்ட்டைத் திருப்புவது? நமக்கு இருப்பது நான்கு வழி. வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல், கம்பெனி தன் சொந்த மெக்கானிக்குகளுக்காக எழுதிய சர்வீஸ் மேனுவல், யூடியூப் வீடியோ, தெருமுனை மெக்கானிக் அண்ணன். நான்கையும் பல வருடமாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தவன் நான். நான்கிலுமே நல்ல விஷயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் எதையோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மரை போவதும், விரல் நசுங்குவதும், பிரேக் பிடிக்காமல் போவதும் அந்த விட்டுப்போன இடத்தில்தான்.

ஒப்பிடுவதற்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம்: பைக்கின் முன் டிஸ்க் பிரேக்கில் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடித்து நிறுத்தும் தேய்கட்டை) மாற்றுவது. பார்த்தால் அரை மணி நேர வேலை. தப்பாகச் செய்தால் அடுத்த சிக்னலில் தெரியும்.

ஓனர்ஸ் மேனுவல்

இதில் பேட் மாற்றும் முறை பெரும்பாலும் இருக்காது. பேட் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், எந்த பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும், இவ்வளவுதான். ‘மற்றதற்கு டீலரிடம் செல்லவும்’ என்று முடித்துவிடும். பலர் இதைக் கண்டு எரிச்சலாகி, புத்தகத்தை சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை உண்டு. எதுவரை கை வைக்கலாம் என்ற எல்லையை இதுதான் போடுகிறது. காரில் ஸ்டெப்னி மாற்றும் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஜாக்கியை எந்த இடத்தில் வைக்க வேண்டும், வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்க வேண்டும், ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது என்று எல்லாம் இருக்கும். கார் டிக்கியில் வரும் அந்த மடக்கு ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அடியில் படுத்து வேலை செய்வதென்றால் ஜாக் ஸ்டாண்டு வேண்டும். அதில் பேரம் கிடையாது.

சர்வீஸ் மேனுவல்

நான் அதிகம் நம்புவது இதைத்தான். அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

இது நமக்காக எழுதப்பட்டதல்ல. பயிற்சி முடித்து, லிஃப்ட்டும் ஸ்பெஷல் டூலும் உள்ள பட்டறையில் நிற்பவருக்காக எழுதியது. அதனால் அவருக்குத் தெரிந்ததை எல்லாம் விட்டுவிடும். ‘கேலிப்பரைக் கழற்றவும்’ என்று ஒரே வரி; கேலிப்பர் என்பது பிஸ்டனால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம். கழற்றிய பிறகு பிரேக் லிவரைத் தப்பித்தவறியும் அமுக்கக் கூடாது, அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும் என்பது அந்த வரியில் இருக்காது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் ‘பொது எச்சரிக்கை’ என்ற பக்கத்தில் இருக்கும். நாமோ தேடல் பெட்டியில் ‘பிரேக் பேட்’ என்று அடித்து நேராக நடுப்பக்கத்தில் குதிக்கிறோம். என் அனுபவத்தில், ஒரு அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கங்களைப் படிக்காமல் மற்ற இருபது பக்கங்களைப் படிப்பது ஆபத்து.

அடுத்தது சொற்கள். ஆங்கிலத்தில் உள்ள மேனுவலைத் தமிழ் மனதோடு படிக்கும்போது ‘ரீபிளேஸ்’ என்ற சொல் காலை வாரும். ‘காட்டர் பின்னை (நட் கழன்று வராமல் தடுக்க மடக்கி விடும் கம்பி ஊசி) ரீபிளேஸ் செய்யவும்’ என்றால் எடுத்த பின்னையே திரும்ப வை என்று படித்துவிடுகிறோம். அது சொல்வது புதுசு போடு என்று. எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட்டின் வாஷருக்கும் இதே கதைதான். அது நசுங்கி அடைக்கத்தான் செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. அதேபோல, தளர்த்து என்பதும் கழற்று என்பதும் இரண்டு வேறு கட்டளைகள். மேனுவல் இந்த இரண்டையும் எங்கேயும் மாற்றிப் போடாது.

எச்சரிக்கைப் பெட்டிகளுக்கும் தரவரிசை உண்டு. டேஞ்சர் என்றால் மீறினால் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து நிச்சயம். வார்னிங் என்றால் அப்படி நேரலாம். காஷன் என்ற சொல்தான் குழப்பும். சில மேனுவல்களில் அது சிறு காயத்தைக் குறிக்கும், பல பழைய ஜப்பானிய பைக் மேனுவல்களில் வண்டிக்கு வரும் சேதத்தைக் குறிக்கும். எது எதற்கு என்று முதல் பக்கங்களில் எழுதியிருக்கும்.

பிறகு எண்கள், முக்கியமாக டார்க், அதாவது போல்ட்டை எவ்வளவு பலமாகத் திருப்பி இறுக்க வேண்டும் என்ற அளவு. மற்ற மூன்று வழியிலும் கிடைக்காத செல்வம் இதுதான். ஆனால் அலகு பார்க்காமல் எண்ணை எடுத்தால் அதே எண் எதிரியாகிவிடும். பழைய மேனுவலில் கிலோகிராம் மீட்டரில் 1.2 என்று இருப்பது நியூட்டன் மீட்டரில் ஏறத்தாழ 12. அமெரிக்க மேனுவலில் 20 ஃபுட் பவுண்டு என்றால் 27 நியூட்டன் மீட்டர். அலுமினிய மரைக்கு 20-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. ‘மரையில் ஆயில் தடவவும்’ என்று குறி போட்டிருந்தால் தடவ வேண்டும். அப்படிச் சொல்லாத இடத்தில் தடவினால், அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும்.

இந்த எண் விஷயத்தில் நான் பட்டது ஒன்று உண்டு. என் பைக்கின் டிரெயின் போல்ட்டுக்கு மேனுவல் 24 நியூட்டன் மீட்டர் என்றது. நான் ஆசையாக வாங்கியிருந்த டார்க் ரெஞ்ச் கார் வீல் நட்டுக்கானது; அதன் அளவு 28-இல் தொடங்கி 210 வரை போகும். 28-இல் வைத்துவிட்டு, அந்த அளவை எட்டியதும் ரெஞ்ச் போடும் ‘டக்’ சத்தம் வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தம் வரவே இல்லை. இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று மெத்தென்று சுற்றியது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் மரை இடுக்கில் வெள்ளிக் கம்பிபோல அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தது. லேத் பட்டறையில் ஹெலிகாயில் (மரை போன ஓட்டைக்குப் புது மரை தரும் கம்பிச்சுருள்) போட்டுத்தான் வண்டி மறுபடி ஓடியது. மேனுவல் சரியாகத்தான் சொன்னது. எந்த அளவுக்கான ரெஞ்ச் வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. பட்டறையில் சின்ன ரெஞ்சும் இருக்கும் என்று அது நம்பியிருக்கிறது.

எண்ணோடு நிபந்தனையும் வரும். ஹோண்டா பைக் மேனுவல்களில் டேப்பெட் இடைவெளியை (எஞ்சின் வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளி) எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். சென்னையில் மே மாத மதியம் நிழலில் நிற்கும் வண்டியே அதைத் தாண்டும். அந்த வேலையை நம் ஊரில் விடியற்காலையில்தான் செய்ய வேண்டும். இப்படி நம் வெயிலுக்கு ஏற்ப யோசித்துப் படிப்பதும் மேனுவலைப் பின்பற்றுவதில் சேர்த்திதான்.

இன்னொரு வாக்கியத்தையும் சொல்லியாக வேண்டும்: ‘கழற்றியதற்கு எதிர்வரிசையில் மாட்டவும்.’ 1966-இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்கு முதல் புத்தகம் போட்ட இங்கிலாந்தின் ஹேய்ன்ஸ் மேனுவல்களைப் படித்து வளர்ந்த வாசகர்கள் இந்த வரியை நன்றாக அறிவார்கள். வண்டியைப் பிரித்து, மாட்டி, படம் எடுத்து, வீட்டில் வேலை செய்பவருக்காகவே எழுதிய புத்தகங்கள் அவை. அருமையானவை. ஆனாலும் அந்த ஒரு வரிக்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது பாருங்கள். புது பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால் மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்டை உரிக்கும். எல்லாம் மாட்டிய பிறகு, லிவரைப் பலமுறை அமுக்கி பேட்டை டிஸ்க்கோடு சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் தெருவில் இறங்கினால் முதல் பிடி வெறும் காற்று. இவற்றில் எதுவும் கழற்றும்போது செய்த வேலையின் எதிர்வரிசை ஆகாது.

மேனுவல் கிடைப்பதே நம் ஊரில் ஒரு பாடு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த டிசம்பரிலேயே அதற்கான இணையதளமும் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் சாதாரண பைக்குக்கு முழு சர்வீஸ் மேனுவலை நேர்வழியில் வாங்குவது இன்னும் சுலபமாகவில்லை. அதனால் யாரோ ஸ்கேன் செய்த கோப்புதான் கைக்கு வருகிறது. அப்படி வந்தால் முதல் வேலை, மாடலும் வருடமும் சேசிஸ் நம்பர் வரிசையும் நம் வண்டியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்தபோது பல வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பெயர் அதேதான், பெட்ரோல் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வேறு. பழைய மேனுவலை நம்பி அந்தக் குழாயை அப்படியே பிடுங்கினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

வீடியோ

பேட் பின் எந்தப் பக்கம் இழுத்தால் வரும், அந்தச் சின்ன ஸ்பிரிங் தகடு எப்படி உட்காரும் என்று மேனுவல் ஒரு கோட்டுப் படத்தில் காட்டி நம்மைத் தவிக்க விடும். வீடியோ நான்கு நொடியில் புரியவைத்துவிடும். கையை எங்கே வைப்பது, எவ்வளவு மெதுவாக அசைப்பது என்பதில் இதற்கு ஈடே இல்லை. தமிழில் சொல்லித்தருபவர்களும் இன்று நிறைய.

குறை என்னவென்றால், வெட்டு. சுவாரசியம் இல்லாத இடத்தை வெட்டுகிறார்கள். லிவரை அமுக்கி அமுக்கி இறுக வைக்கும் அந்த ஒரு நிமிடம் பல வீடியோக்களில் காணோம். டார்க் எண்ணைச் சொல்பவர் அபூர்வம். ‘நல்லா டைட் வைங்க’ என்பதோடு போய்விடும். பிரேக்கில் படிந்த தூசியை வாயால் ஊதுபவர்களையும் ஏர் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும்.

மெக்கானிக் அண்ணன்

எங்கள் தெருமுனை அண்ணனிடம் ஒருநாள் ஸ்பார்க் பிளக் மாட்டிக்கொண்டிருந்தேன். நேராகப் பாக்ஸ் ஸ்பேனரை எடுத்ததும் கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, முதல்ல விரலால மூணு சுத்து ஏத்து. மரை தானா புடிக்கணும். அப்புறம்தான் ஸ்பேனர்.” கோணலாக ஏறும் மரையை விரல் உடனே கண்டுபிடித்துவிடும், ஸ்பேனரின் நீளக் கைப்பிடி அதை மறைத்துவிடும். எந்தப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பேட்டரியில் நெகட்டிவை ஏன் முதலில் கழற்ற வேண்டும் என்பதும் அவர் சொல்லிப் புரிந்ததுதான். நெகட்டிவ் போய்விட்டால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மேனுவல் வரிசையைக் கொடுக்கிறது, அண்ணன் காரணத்தைக் கொடுக்கிறார். காரணம் தெரிந்தவன் வரிசையை மறக்க மாட்டான்.

ஆனால் அவர் கை பழகியது பழைய வண்டிகளில். 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயமானது. பேட் மாற்றுவது அவருக்கு இன்றும் தண்ணீர் பட்ட பாடு. ஏபிஎஸ் உள்ள வண்டியில் பிரேக் லைனைத் திறந்து காற்று எடுப்பதென்றால் மேனுவலைப் பார்த்தே ஆக வேண்டும். இதை அவரே ஒப்புக்கொள்கிறார், அதனாலேயே அவரை நம்புகிறேன்.

செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் டார்க் எண்ணைக் கேட்கும் பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. மேனுவலில் ஒரு வரி புரியாவிட்டால் விளக்கம் கேட்கலாம். பக்க எண் காட்டாத ஒரு எண்ணை நம்பி பிரேக் போல்ட்டை இறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால் எதற்கு எது?

செயின் லூஸ், ஏர் ஃபில்டர், டயர் காற்று என்றால் ஓனர்ஸ் மேனுவலே போதும். ஆயில் மாற்ற, பிளக் மாற்ற, பேட் மாற்ற சர்வீஸ் மேனுவல்தான் தலைமை. வீடியோ அதற்குக் கண். இரண்டும் முரண்பட்டால் மேனுவல் சொல்வதே நிற்கும். துருப்பிடித்து வராத போல்ட், மரை போன ஓட்டை என்றால் யோசிக்காமல் அண்ணனிடம் போங்கள். காரின் ஏர்பேக் பக்கம் நான் போவதே இல்லை. பேட்டரியைக் கழற்றிய பிறகு டொயோட்டா மேனுவல் 90 நொடி காத்திருக்கச் சொல்லும், ஹோண்டா 3 நிமிடம் சொல்லும். வண்டிக்கு வண்டி மாறும் எண்ணை ஊகித்து ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைத் தொடக் கூடாது.

பேட் மாற்றும் நாளில் நான் செய்வது இது. முந்தைய இரவே அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து படித்து, தேவையான இரண்டு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன். டார்க் எண்களை அலகோடு சிவப்பில் வட்டமிடுகிறேன். பிறகு வீடியோவை இரண்டு முறை, ஸ்பேனரைத் தொடாமல். காலையில் கழற்றிய வரிசையிலேயே போல்ட்டுகளைத் தட்டில் அடுக்குகிறேன். டார்க் வைத்து முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட் இருந்தால் வேலை முடியவில்லை. கடைசியாக, லிவர் கல் மாதிரி இறுகும்வரை அமுக்கி, எஞ்சினைப் போடாமல் வண்டியை வாசலிலேயே தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். சக்கரம் நின்ற பிறகுதான் சாவியை எடுக்கிறேன்.