'காந்த ஹேமடைட்' மாலை வாங்க நினைப்பவர்களின் கவனத்துக்கு

ரத்த அழுத்தத்தையும் மூட்டுவலியையும் குறைக்கும் என்று சொல்லி, "அசல் காந்த ஹேமடைட்" என்ற பெயரில் விற்கப்படும் கருஞ்சாம்பல் நிற மணிமாலைகளை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். புதுச்சேரியில், கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே, சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கல்மணிக் கடை ஒன்றில் என் அம்மாவுக்கு ஒரு மாலையும் ஒரு கைச்சங்கிலியும் சேர்த்து 5,800 ரூபாய்க்கு விற்கப்பட்டன. அவை ஹேமடைட் என்னும் இரும்புத் தாதுக் கல்லே அல்ல. அசல் ஹேமடைட்டாகவே இருந்திருந்தாலும் அந்த விலையும், அதனுடன் கொடுக்கப்பட்ட வாக்குறுதியும் பொய்தான் என்பதே நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது.

நாங்கள் கடலூரில் வசிக்கிறோம். அம்மா பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். கடைக்காரர் அதைப் பேச்சினூடே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இந்த மாலையை வெளியே எடுத்தார். "அம்மா, இது பிரேசில் கல்லு. ரத்தத்துல இருக்கிற இரும்பை இது இழுத்து ஓட வைக்கும். ஒரு மண்டலம் போட்டுப் பாருங்க, அப்புறம் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுக்கலாம்" என்றார். மணிகள் ஒன்றோடொன்று சட்டென்று ஒட்டிக்கொள்வதையும், மேசை மீதிருந்த கத்தரிக்கோலில் மாலை தொங்குவதையும் காட்டி, "இந்த இழுவைதான் அசலுக்கு அடையாளம், போலியில் இது வராது" என்று அடித்துச் சொன்னார். கூடவே, பதின்மூன்று நோய்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரமும், பரிசோதனைக் கூடத்தின் பெயரோ முகவரியோ எதுவுமில்லாத ஒரு 'தரச் சான்றிதழும்' தரப்பட்டன.

உண்மை இதற்கு நேர்மாறானது. அசலுக்கு அடையாளம் என்று அவர் காட்டிய அந்த இழுவையே அது போலி என்பதற்கான சான்று. ஹேமடைட் என்பது இரண்டு இரும்பணுக்களும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. அதன் எடையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இரும்புதான் என்றாலும், அந்த இரும்பணுக்களின் சிறு காந்தங்கள் படிகத்துக்குள் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் அமைந்து, ஏறக்குறைய முழுவதுமாக ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிஞ்சுவது கருவிகளால் மட்டுமே நன்றாக அளக்கக்கூடிய மிக மெல்லிய காந்தத்தன்மை. ஹேமடைட் மணி இன்னொரு ஹேமடைட் மணியைத் தேடிப்போய் ஒட்டாது. இரும்பு பீரோவில் தொங்கவும் செய்யாது.

அப்படியானால் எங்களுக்கு விற்கப்பட்டது என்ன? இரும்பு ஆக்சைடுத் தூளுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்மத்தைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, பிறகு காந்தமேற்றிய ஃபெரைட் என்னும் பீங்கான் வகைப் பொருள். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகம் பேரியம் ஃபெரைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒலிபெருக்கியின் பின்புறம் இருக்கும் கருப்பு வளையக் காந்தம் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மெருகேற்றினால் இதற்கும் ஹேமடைட்டைப் போன்ற உலோகப் பளபளப்பு வந்துவிடுகிறது. அணிகலன் வியாபாரத்தில் இத்தகைய மணிகளுக்கு 'ஹேமடைன்' முதலிய வணிகப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி, செயற்கை என்று சொல்லி, அதற்குரிய சில நூறு ரூபாய்க்கு விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

நாங்கள் திரும்பச் சென்று கேட்டபோது கடைக்காரர் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டார். இயற்கைக் கல்லில் மேக்னடைட் கலந்திருப்பதால்தான் இழுக்கிறது என்றார். இந்தப் பதிலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இதில் பாதி உண்மை இருக்கிறது. மேக்னடைட் என்பது வேறொரு இரும்பு ஆக்சைடு. நம் சேலத்துக் கஞ்சமலையில் இருப்பது அதுதான். அது காந்தத்தால் நன்றாக இழுக்கப்படும், சில ஹேமடைட் கற்களில் சிறிதளவு கலந்திருப்பதும் உண்டு. ஆனால் அப்படிக் கலந்திருந்தால் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் அளவு வேறுபட வேண்டும். சில மணிகள் வெளிக்காந்தத்தால் சற்று இழுக்கப்படும், சில அசையவே மாட்டா. எங்கள் மாலையிலோ ஒவ்வொரு மணியும் ஒரே வலிமையில், வடதுருவம் தென்துருவம் தெளிவாகப் பிரிந்து, ஒரு முனையில் ஒட்டினால் மறு முனையில் தள்ளும் முழுக் காந்தமாக இருந்தது. மலை அப்படி ஒரே அளவாகப் படைத்துக் கொடுப்பதில்லை, தொழிற்சாலைதான் கொடுக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஹேமடைட் வெளியே கருப்பாகவோ எஃகு நிறமாகவோ இருந்தாலும் அதன் தூள் சிவப்பு. குளியலறை டைலின் பளபளப்புப் பூச்சு இல்லாத பின்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தால் செங்கல் சிவப்பிலோ செம்பழுப்பிலோ கோடு விழும். எங்கள் மணி விட்ட கோடு கருமை கலந்த பழுப்பு. உடைந்த ஒரு மணியின் உட்புறமும் ஒரே சீரான நுண்மணிகளாகச் சுட்ட பொருளைப் போல இருந்தது. நிலவியல் கற்பிக்கும் ஒரு நண்பரிடம் காட்டியபோது அவர் முதலில் பார்த்தது அதைத்தான். ஆயினும் இந்தச் சோதனைகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். போலிகளிலும் சில செம்பழுப்புக் கோடு விடும். காந்தமேற்றாத போலிகளும் சந்தையில் இருப்பதால், இழுக்கவில்லை என்பதாலேயே ஒன்று அசலாகிவிடாது. கையில் கனமாக இருக்கிறது என்பதையும் நம்ப முடியாது. தூய ஹேமடைட் தண்ணீரைப் போல் 5.26 மடங்கு கனமானது. ஃபெரைட்டும் ஏறத்தாழ ஐந்து மடங்கு கனமானது. கையால் தூக்கிப் பார்த்து இந்த வேறுபாட்டை யாராலும் அறிய முடியாது. வலுவாக இழுத்தால் போலி என்பது மட்டும் உறுதி. மற்றவற்றுக்கு, முகவரியும் அறிக்கை எண்ணும் உள்ள உண்மையான ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று வேண்டும்.

ஆனால் அத்தனை செலவு செய்து சோதிக்கும் அளவுக்கு ஹேமடைட் விலையுயர்ந்த கல்லே அல்ல என்பதைத்தான் வாங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உலகின் முதன்மையான இரும்புத் தாது இதுதான். கர்நாடகத்தின் பெல்லாரி, ஹொசபேட்டைப் பகுதியிலும் சத்தீஸ்கரின் பைலதிலா மலையிலும் டன் கணக்கில் வெட்டி எடுக்கப்பட்டு எஃகு ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் போகிறது. பிரேசிலில் ஏராளமாகக் கிடைப்பது உண்மை. ஏராளமாகக் கிடைப்பதே அது அரிய கல் அல்ல என்பதற்குப் போதுமான காரணம். கடலூர் கேப்பர் மலையின் செம்மண்ணும், ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணும், நம் வீட்டுச் செங்கல்லும் சிவந்திருப்பது பெரும்பாலும் இந்த ஆக்சைடினால்தான். மார்கழிக் கோலத்தைச் சுற்றி இடும் காவியும் இதே குடும்பம். அழகான, கச்சிதமாக அறுத்து மெருகேற்றிய அசல் ஹேமடைட் மாலைக்கு வேலைப்பாட்டின் கூலி சேர்த்து நியாயமான ஒரு விலை கொடுக்கலாம். 'அரிய பிரேசில் கல்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

இந்தக் கல்லுக்குப் பெருமை இல்லை என்று நான் சொல்லவில்லை. மெசொப்பொத்தேமியாவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வணிகர்கள் ஹேமடைட்டில் எடைக்கற்கள் செய்தார்கள். தூங்கும் வாத்தின் வடிவில் செதுக்கியவையும் அவற்றில் உண்டு. பழைய பாபிலோனியக் காலத்து உருளை முத்திரைகளுக்கும் இது விருப்பமான கல். எகிப்தியர்கள் இதில் தாயத்துகள் செதுக்கினார்கள். பீம்பேட்கா குகைகளின் சிவப்பு ஓவியங்களில் இருப்பதும் இதன் தூளே. 2004இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, மெரிடியானி சமவெளியில் ஹேமடைட் நிறைந்த சிறு உருண்டைகளைக் கண்டது. அங்கே ஒரு காலத்தில் நீர் இருந்ததற்கான சான்றுகளில் அவையும் சேர்ந்தன. புதுச்சேரியைப் பொறுத்தவரை கல்மணி என்பது நேற்று வந்த தொழில் அல்ல. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, கண்ணாடி மணியும் கல்மணியும் செய்து கடல் கடந்து அனுப்பிய பட்டினம். அங்கே கிடைத்த சூதுபவள மணிகளின் சிவப்புக்கும் நுண்ணிய இரும்பு ஆக்சைடுதான் காரணம். அந்த ஊரில் சுட்ட ஃபெரைட்டைக் கல் என்று சொல்லி விற்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் கூடுதல் எரிச்சலைத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ரத்தத்தோடு இந்தக் கல்லை இணைக்கும் நம்பிக்கையும் பழையது. இதை அறுக்கும்போது சாணைக்கல்லில் ஊற்றும் தண்ணீர் ரத்தம் போலச் சிவந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ரத்தத்திலுள்ள இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது தவறு. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப் போல நடந்துகொள்வதில்லை. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மெல்லத் தள்ளும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தத்தை மிக மெல்ல இழுக்கும். 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் இதை அளந்து காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரத்தின் காந்தம் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டது. அதற்குள் படுத்திருந்து வெளியே வருபவர்களின் ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவதில்லை. ரத்த அழுத்தம் குணமாகிவிடுவதும் இல்லை. அதில் ஒரு சிறு பங்குகூட இல்லாத மணி என்ன செய்துவிடும்?

சித்த மருத்துவத்தில் காவிக்கல் மருந்தாகிறதே என்று சிலர் கேட்கலாம். அது சுத்தி செய்து, புடமிட்டு, மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் உள்மருந்து; கழுத்தில் தொங்கும் மணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் குறைப்பவர்களுக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வரும் வாய்ப்பு கூடுகிறது. அம்மா எங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதவர் என்பதால் எங்களுக்கு அந்த ஆபத்து நேரவில்லை. எல்லா வீட்டிலும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு, கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தப் பொருள்களை அந்தக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். மாலையோ நேராக நெஞ்சின் மீதுதான் தொங்கும். அடுத்தது, மாலை அறுந்து சிதறினால் சிறு குழந்தைகள் மணிகளை விழுங்கிவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் வயிற்றுக்குள் போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, இடையில் சிக்கிய குடற்சுவரைத் துளைத்துவிடக்கூடும். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி வரும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினார்கள். பிறகு பாதித் தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நாங்கள் மறுத்துவிட்டோம். ரசீதை எடுத்துப் பார்த்தால் "ஃபேன்சி மாலை 1, ஃபேன்சி பிரேஸ்லெட் 1" என்று மட்டும்தான் இருக்கிறது. ஹேமடைட் என்ற சொல்லே இல்லை. இந்தத் தந்திரத்தைக் கவனியுங்கள். வாயால் சொல்வதைக் காகிதத்தில் எழுதமாட்டார்கள். எந்தக் கல்லாக இருந்தாலும் "இயற்கைக் கல்" என்றும் கல்லின் பெயரும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். தங்க நகையில் பார்க்கும் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான், பதித்த கல்லுக்கு அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, ரசீதில் காலவரம்பு குறிப்பிடப்படாத நிலையில், முப்பது நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதே வகையில் சேரும். சுவரில் மாட்டிய பலகை சட்டத்தை மீறிவிட முடியாது. வெளியூரிலிருந்து புதுச்சேரி சென்று வாங்குபவர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று: வாங்கிய ஊரில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நாங்கள் அதைச் செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்து வருகிறோம்.

துண்டுப் பிரசுரம் தனிக் குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளன. தாயத்து போன்றவை இந்த நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது; அச்சிட்ட தாள் மட்டுமின்றி வாய்மொழி அறிவிப்பும் விளம்பரமாகக் கருதப்படும். எங்களிடம் உள்ள பிரசுரத்தின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருப்பதால் அச்சகத்தின் பெயர் தெரியவில்லை. இதே பதின்மூன்று நோய்ப் பட்டியல் கொண்ட முழுத் தாள் யாரிடமாவது இருந்தால், எறிந்துவிடாமல், இரு பக்கமும் தெரியும்படி படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பி உதவவும். மனுவுடன் இணைக்க அது தேவைப்படுகிறது.