சர்வாதிகார மனப்பான்மையை அளக்கும் 22 வாக்கியங்கள்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ஆல்ட்மெயர் 1981-இல் வெளியிட்ட ‘வலதுசாரி அதிகாரப்பற்று’ அளவுகோல் இன்றும் ஆய்வாளர்கள் கையில் புழங்குகிறது. அதன் பிந்தைய 22 வாக்கிய வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெயரில் உள்ள ‘வலதுசாரி’யைக் கட்சி அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலைபெற்ற அதிகாரத்துக்குப் பணிவது, அது கைகாட்டும் ஆட்கள்மேல் பாய்வது, வழக்கத்தை எவரும் மீறக்கூடாது என்ற பிடிவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்ததைத்தான் அது அளக்கிறது.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் −4 (கடும் மறுப்பு) முதல் +4 (முழு உடன்பாடு) வரை ஓர் எண் போட வேண்டும். முதல் இரண்டு வெறும் பழக்கத்துக்கு, கணக்கில் சேராது. மீதி 20-இல் 3, 5, 7, 10, 12, 14, 16, 17, 19, 22 ஆகியவை நேர் வாக்கியங்கள், அதாவது ஏற்றுக்கொண்டால் அதிகாரப்பற்றைக் காட்டுபவை: −4 என்றால் 1, 0 என்றால் 5, +4 என்றால் 9. மற்ற பத்தும் எதிர் வாக்கியங்கள். அங்கே +4-க்கு 1, −4-க்கு 9. மொத்தம் 20-இலிருந்து 180 வரை வரும்.

இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் சறுக்கல். அதிகாரப்பற்று துளியும் இல்லாதவர் நேருக்கெல்லாம் −4, எதிருக்கெல்லாம் +4 போட்டால் 20 வர வேண்டும். திருப்ப மறந்தால் 10 + 90 = 100. உச்சத்தில் இருப்பவருக்கும், 180-க்குப் பதிலாக, அதே 100. இரு துருவமும் ஒரே புள்ளியில்! எல்லாருக்கும் 100-ஐ ஒட்டியே வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஆனாலும் இந்தத் திருப்பல்தான் கருவியின் பலம். ஜெர்மானியச் சிந்தனையாளர் அடோர்னோவின் குழுவினர் 1950-இல் வெளியிட்ட ‘எஃப்’ (பாசிச மனப்பான்மை) அளவுகோலில் எல்லா வாக்கியமும் ஒரே திசை. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர் அதில் பெரிய சர்வாதிகாரப் பிரியராகத் தெரிவார். இங்கே அவருக்கு 100-தான் கிடைக்கும்.

குறை வாக்கியங்களின் நீளம். நாடு சீரழிகிறது, பலமான தலைவர் வேண்டும், கெட்டவர்களை நசுக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கும் பாணி அது. முதலாவதை ஏற்று மூன்றாவதை வெறுப்பவரும் 0 போடுவார், கருத்தே இல்லாதவரும் 0 போடுவார். இருவருக்கும் 5. இன்னொன்று: ஓரினச்சேர்க்கை, நாத்திகம் பற்றிய வாக்கியங்கள் உள்ளேயே இருக்கின்றன. இந்த மதிப்பெண்ணை வைத்து ஓரினச்சேர்க்கையாளர் மீதான வெறுப்பைக் கணிப்பது, விடையைக் கேள்விக்குள் வைத்துவிட்டுத் தேடுவது மாதிரி. அப்படி ஆராய்வதானால் அந்த வாக்கியங்களை நீக்கி மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.

அதிகாரப்பற்றை அளக்கக் குழந்தை வளர்ப்பு பற்றிய நான்கு கேள்விகள் கொண்ட வேறொரு கருவியும் உண்டு; சுதந்திரமா, பெரியவர்களுக்கு மரியாதையா என்பதுபோல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசியல் வாடை குறைவு, ஆனால் 0 முதல் 4 வரை ஐந்தே படிகள். அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் இக்கேள்விகளை ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதில்லை என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியதால், குழுக்களை ஒப்பிடும்போது கவனம் தேவை.

22 வாக்கிய வடிவத்தைக் குழுக்களின் சராசரிக்குப் பயன்படுத்தலாம். ஒரு தனியாளுக்கு முத்திரை குத்த வேண்டாம். அச்சுறுத்தல் உணர்வு ஏறும்போது மதிப்பெண்ணும் ஏறக்கூடும் என்பதால் தாளில் தேதி கட்டாயம் இருக்கட்டும். தலைப்பில் மட்டும் அளவுகோலின் பெயரை அச்சிடாதீர்கள். ‘சமூகக் கருத்துகள்’ என்று போட்டால் போதும்.